இரண்டு லட்சம் ஃபைல்களின் விவரத்தைச் சீக்கிரம் எடுக்க என்ன வழி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அலுவலக சர்வரில் ஒரு ஷேர்டு ஃபோல்டர். அதில் ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள் சுமார் இரண்டு லட்சம். ஒவ்வொன்றின் பெயர், அளவு, கடைசியாக மாறிய நேரம், மறைக்கப்பட்டதா இல்லையா, இந்த நான்கும் வேண்டும். சி ஷார்ப்பில் டைரக்டரி.கெட்ஃபைல்ஸ் மூலம் பெயர்களை வாங்கி, பிறகு ஒரு லூப் ஓட்டி, ஒவ்வொரு பெயருக்கும் ஃபைல்.கெட்அட்ரிபியூட்ஸ், ஃபைல்.கெட்லாஸ்ட்ரைட்டைம், அளவுக்காக ஒரு புதிய ஃபைல்இன்ஃபோ என்று மூன்று அழைப்பு வைத்திருக்கிறீர்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இதைவிட வேகமான ஃபங்ஷன் எது என்று கேட்கிறீர்கள்.

அந்த மூன்றுக்கும் பதிலாக வேறு மூன்றைப் போட்டால் பெரிதாக ஒன்றும் மாறாது. உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, ஃபைலுக்கு ஒருமுறை சர்வரைத் தட்டாமல் மொத்தமாக விவரம் வாங்கும் வழி. விண்டோஸில் அது இருக்கிறது. இன்னும் சொல்லப்போனால், அந்த விவரம் முழுவதும் ஏற்கெனவே உங்கள் புரோகிராமின் கைக்கு வந்துவிட்டது. கெட்ஃபைல்ஸ் அதில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டது. பேக்கப், ஆவணச் சேமிப்பு என்று பதினெட்டு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன், என்னிடம் கோட் காட்டியவர்களில் பாதிப் பேர் செய்திருந்தார்கள்.

அடியில் நடப்பது இதுதான். விண்டோஸில் ஒரு ஃபோல்டரைப் பட்டியலிட ஃபைண்ட்ஃபர்ஸ்ட்ஃபைல், ஃபைண்ட்நெக்ஸ்ட்ஃபைல் என்று இரண்டு ஏபிஐ (விண்டோஸே தரும் ஃபங்ஷன்கள்) உண்டு. ஒவ்வொரு ஃபைலுக்கும் அவை ஒரு ஸ்ட்ரக்சரை நிரப்பித் தரும். அதில் பெயர் ஒரு பகுதிதான். அதோடு அட்ரிபியூட் பிட்டுகள் (மறைக்கப்பட்டது, படிக்க மட்டும், சிஸ்டம் ஃபைல் என்பவை), உருவான நேரம், கடைசியாகப் படித்த நேரம், கடைசியாக எழுதிய நேரம், அளவு எல்லாமே வரும். காரணம், விண்டோஸின் ஃபைல்சிஸ்டமான என்டிஎஃப்எஸ் தன் டைரக்டரி இண்டெக்ஸிலேயே இவற்றின் ஒரு நகலை வைத்திருக்கிறது. வாக்காளர் பட்டியல் கையில் இருக்கும்போது அதில் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பட்டியலை மேசையிலேயே விட்டுவிட்டு, வயதைக் கேட்க வீடு வீடாகப் போகிற மாதிரிதான் உங்கள் லூப். வயது அடுத்த கட்டத்திலேயே அச்சாகியிருந்தது.

வீடு வீடாகப் போவதற்கு என்ன செலவு என்று பார்ப்போம். கெட்அட்ரிபியூட்ஸ் ஒருமுறை ஓடினால் முழுப் பாதையும் முதலிலிருந்து பிரித்துப் பார்க்கப்படும், அனுமதி சரிபார்க்கப்படும், ஆன்டிவைரஸ் போன்ற ஃபில்டர் டிரைவர்கள் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எட்டிப் பார்க்கும். லோக்கல் டிஸ்க்கில் இதெல்லாம் மைக்ரோவிநாடிக் கணக்கு. ஷேர்டு ஃபோல்டர் என்றால் நெட்வொர்க்கில் குறைந்தது ஒரு போக்குவரவு (கேள்வி போய்ப் பதில் வருவது) சேர்ந்துகொள்ளும். ஒரு போக்குவரவுக்கு 1 மில்லிவிநாடி என்று வையுங்கள், நல்ல லேன்தான். இரண்டு லட்சம் ஃபைல், ஃபைலுக்கு மூன்று அழைப்பு, ஆக ஆறு லட்சம் அழைப்பு, 600 விநாடி. நீங்கள் சொன்ன பத்து நிமிடம் இங்கேதான் போகிறது. இதையே விபிஎன் வழியாக, போக்குவரவுக்கு 20 மில்லிவிநாடி ஆகும் கிளை அலுவலகத்திலிருந்து ஓட்டினால் மூன்று மணி நேரம் இருபது நிமிடம்.

பட்டியலாக வாங்கினால் கணக்கே வேறு. எஸ்எம்பி (விண்டோஸ் ஷேர்டு ஃபோல்டர்கள் பேசும் நெட்வொர்க் முறை) வழியாக வரும் டைரக்டரிப் பட்டியலில் ஒரு ஃபைலுக்கான பதிவு, பெயரைச் சேர்க்காமல் 94 பைட். இருபது எழுத்துப் பெயருக்கு இன்னும் 40 பைட். தோராயமாக 140 என்று வைத்தால் ஒரு தடவைக்கு வரும் 64 கேபி பஃபர் ஒன்றில் நானூற்று அறுபது ஃபைல் அடங்கும். இரண்டு லட்சம் ஃபைலுக்கு நானூற்று முப்பது போக்குவரவு போதும். மொத்தமாக நெட்வொர்க்கில் வருவது 28 எம்பி. பழைய 100 எம்பிபிஎஸ் லைனில்கூட இரண்டு மூன்று விநாடி வேலை. ஆறு லட்சத்துக்கும் நானூற்று முப்பதுக்கும் உள்ள தூரம்தான் உங்கள் பிரச்சினை. மற்றதெல்லாம் சில்லறை.

சி ஷார்ப்பில் இதற்கு மாற்ற வேண்டியது ஒன்றிரண்டு வரி. டைரக்டரி என்ற கிளாஸை விட்டுவிட்டு டைரக்டரிஇன்ஃபோ என்ற கிளாஸுக்கு வாருங்கள். அந்தப் பாதையைக் கொடுத்து ஒரு டைரக்டரிஇன்ஃபோ உருவாக்கி, அதன் எனுமரேட்ஃபைல்ஸ் மெத்தடை ஃபார்ஈச்சில் ஓட்டுங்கள். அது ஸ்ட்ரிங் தராது, ஃபைல்இன்ஃபோ தரும். அந்த ஃபைல்இன்ஃபோ பட்டியலில் வந்த விவரத்தால் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். லெங்த், லாஸ்ட்ரைட்டைம்யுடிசி, அட்ரிபியூட்ஸ் மூன்றையும் கேட்கலாம். ஒரு தடவைகூட அது சர்வரைத் திரும்பிப் பார்க்காது.

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எனுமரேட்ஃபைல்ஸ் என்ற அதே பெயரில் டைரக்டரி கிளாஸிலும் ஒரு மெத்தட் இருக்கிறது; இரண்டும் 2010-இல் டாட்நெட் 4.0-வோடு வந்தவை. ‘கெட்ஃபைல்ஸ் மெதுவானது, எனுமரேட்ஃபைல்ஸ் வேகமானது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு டைரக்டரி.எனுமரேட்ஃபைல்ஸுக்கு மாறுவார்கள். அது தருவது பழையபடி ஸ்ட்ரிங்தான். முதல் பெயர் சீக்கிரம் வரும், இரண்டு லட்சம் ஸ்ட்ரிங்கை ஒரே அரேயில் அடைக்கும் மெமரிச் சுமை குறையும், அவ்வளவே. விவரத்துக்காகப் பின்னால் ஓடும் லூப் அப்படியேதான் இருக்கும், மொத்த நேரமும் அப்படியேதான் இருக்கும். அப்புறம் ‘மாற்றிப் பார்த்தேன், பிரயோஜனம் இல்லை’ என்பார்கள். எந்தக் கிளாஸ் என்பதில்தான் விஷயம்.

ஏதோ காரணத்தால் பெயர்ப் பட்டியல் மட்டும்தான் கையில் இருக்கிறது, வேறொரு சிஸ்டத்திலிருந்து வருகிறது என்றால், குறைந்தபட்சம் ஃபைலுக்கு ஒரே ஒரு ஃபைல்இன்ஃபோ உருவாக்கி மூன்றையும் அதனிடமே கேளுங்கள். முதல் கேள்விக்கு மட்டும் அது டிஸ்க்கைத் தொடும். பதிலை நினைவில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டுக்கும் அதிலிருந்தே சொல்லும். மூன்றில் ஒரு பங்காகக் குறையும். இதன் மறுபக்கம், நடுவில் ஃபைல் மாறினாலும் ரிஃப்ரெஷ் என்று கூப்பிடும்வரை பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருக்கும்.

டாட்நெட் கோர் 2.1 அல்லது அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் இருந்தால் இன்னும் ஒரு படி இறங்கலாம். ஃபைல்சிஸ்டம்எனுமரபிள் என்று ஒன்று இருக்கிறது. ஃபைல்இன்ஃபோ என்ற ஆப்ஜெக்டைக்கூட உருவாக்காமல், பட்டியலின் பஃபரிலிருந்தே உங்களுக்கு வேண்டிய நான்கையும் எடுத்து உங்கள் சொந்த ஸ்ட்ரக்சரில் போட்டுக்கொள்ளலாம். வடிகட்டலையும் அங்கேயே செய்யலாம். உதாரணமாக, நேற்றைக்குப் பிறகு மாறியவை மட்டும் என்றால், மற்றவற்றுக்கு ஸ்ட்ரிங்கே உருவாகாது. இரண்டு லட்சத்துக்கு இது அவசியமில்லை என்பது என் எண்ணம். இரண்டு கோடி என்றால் யோசிக்கலாம்.

இதே பதிப்புகளில் எனுமரேஷன்ஆப்ஷன்ஸ் என்ற ஒரு வசதியும் வந்தது. அனுமதி இல்லாத ஃபோல்டரில் மோதி மொத்தமும் நின்றுபோகும் பழைய தொல்லைக்கு இது நல்ல மருந்து. ஆனால் உங்களுக்கு இதில் ஒரு பொறி காத்திருக்கிறது. அதைப் புதிதாக உருவாக்கினால் மறைக்கப்பட்ட ஃபைலையும் சிஸ்டம் ஃபைலையும் தானாகவே தாண்டிப் போகும். அதுதான் அதன் இயல்புநிலை. மறைக்கப்பட்டதா என்பதே உங்கள் நான்கு கேள்விகளில் ஒன்று. அட்ரிபியூட்ஸ்டுஸ்கிப் என்பதைப் பூஜ்யமாக வைக்க மறந்தால், ‘மறைக்கப்பட்ட ஃபைல் ஒன்றுகூட இல்லை’ என்று ரிப்போர்ட் சொல்லும். நான் இதில் ஒரு முழு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன்.

சி++ எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபைண்ட்ஃபர்ஸ்ட்ஃபைல்இஎக்ஸ் என்ற வடிவில், விண்டோஸ் 7 முதல் இரண்டு சலுகை உண்டு. 8.3 குறும்பெயர் (டாஸ் காலத்து எட்டெழுத்துப் பெயர், மூன்றெழுத்து நீட்சி) வேண்டாம் என்று சொல்லலாம், பெரிய பஃபரில் மொத்தமாக எடு என்றும் சொல்லலாம். இரண்டும் இலவசம், போட்டுவிடுங்கள். இந்தக் குறும்பெயர் சமாசாரம் இன்னொரு இடத்திலும் கடிக்கும். பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் எக்ஸ்எல்எஸ் என்ற மூன்றெழுத்து நீட்சிக்கு நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால், குறும்பெயரின் நீட்சி எக்ஸ்எல்எஸ் என்று இருப்பதால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல்களும் சேர்ந்து வரும்.

பைத்தான்காரர்களுக்கு இதே கதை நடந்து முடிந்துவிட்டது. அங்கே வெகுகாலம் லிஸ்ட்டிர் என்று பெயர் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஸ்டாட் (ஒரு ஃபைலின் விவரம் கேட்கும் அழைப்பு) என்று கேட்பதுதான் வழக்கம். பெப் 471 என்ற முன்மொழிவின்படி 2015-இல் பைத்தான் 3.5-இல் ஓஎஸ்.ஸ்கேன்டிர் வந்தது. பட்டியலோடு வந்த விவரத்தை அது எறியாமல் வைத்திருந்து தரும். ஓஎஸ்.வாக் என்ற பழைய ஃபங்ஷனையே இதன்மேல் திருப்பி எழுதியபோது விண்டோஸில் 7 முதல் 20 மடங்கு, லினக்ஸ் வகையறாவில் 3 முதல் 5 மடங்கு வேகம் கூடியதாக அந்தப் பதிப்பின் குறிப்பிலேயே எழுதினார்கள். ஜாவாவில் இதற்கு இணை ஃபைல்ஸ்.வாக்ஃபைல்ட்ரீ, ஜாவா 7 முதல்.

விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஏன் அந்த வித்தியாசம்? லினக்ஸில் நான் மேலே சொன்ன வாக்காளர் பட்டியல் கிடையாது. அங்கே டைரக்டரியில் இருப்பது பெயர், ஐநோட் எண் (ஐநோட் என்பது ஃபைலின் விவரம் இருக்கும் தனிப் பதிவு), பெரும்பாலான ஃபைல்சிஸ்டங்களில் இது ஃபைலா டைரக்டரியா என்ற வகைக் குறிப்பு, அவ்வளவுதான். பெயரும் கதவு எண்ணும் மட்டும் உள்ள பட்டியல் என்று வையுங்கள். அளவும் நேரமும் ஐநோட்டில் இருக்கின்றன; அதற்கு ஃபைலுக்கு ஒரு ஸ்டாட் தவிர்க்க முடியாது. ஃபைலா டைரக்டரியா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் ஸ்டாட்டே வேண்டாம், அந்த இடத்தில் ஸ்கேன்டிர் பெரிய லாபம். அளவு வேண்டும் என்றால் லாபம் கொஞ்சம்தான். நல்லவேளையாக லினக்ஸில் கேஷில், அதாவது மெமரியில் ஏற்கெனவே இருக்கும் ஐநோட்டுக்கு ஸ்டாட் மிக மலிவு. கேஷில் இல்லாமல், சுழலும் ஹார்ட் டிஸ்க்கில், ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தில் இருந்தால் ஒரு பழைய வித்தை உதவும். பெயர்களை முதலில் முழுவதும் வாங்கி, ஐநோட் எண்படி வரிசைப்படுத்தி, அந்த வரிசையில் ஸ்டாட் செய்யுங்கள். ஈஎக்ஸ்டி4 பெயர்களை ஹாஷ் வரிசையில் தருவதால், வந்தபடியே கேட்டால் டிஸ்க்கின் ஹெட் அங்குமிங்கும் அலையும். எஸ்எஸ்டியில் இந்த வித்தைக்கு மதிப்பு ரொம்பக் குறைவு. மேக்கில் 2014-இல் யோசெமிட்டியோடு வந்த கெட்அட்டர்லிஸ்ட்பல்க் என்ற சிஸ்டம் கால் பெயரையும் விவரத்தையும் மொத்தமாகவே தரும். லினக்ஸ் வகையறாவின் ஷேர்டு ஃபோல்டர் முறையான என்எஃப்எஸ் பதிப்பு 3-லும் ரீட்டிர்பிளஸ் என்று அதற்கான கட்டளையே உண்டு.

சரி, மொத்தமாக வாங்கிய விவரத்தை எவ்வளவு நம்பலாம்? இதை யாரும் கேட்பதில்லை, பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். என்டிஎஃப்எஸ் டைரக்டரியில் வைத்திருப்பது நகல் என்று சொன்னேன் அல்லவா. அசல் ஃபைலின் சொந்தப் பதிவில் இருக்கிறது. ஒரு புரோகிராம் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தால், நகலில் உள்ள அளவு உடனுக்குடன் மாறும் என்ற உத்தரவாதம் கிடையாது. எழுதியவர் ஹேண்டிலை (திறந்த ஃபைலின் பிடியை) மூடும்போது சரியாகும் என்பதுதான் உத்தரவாதம். ஒரு வாடிக்கையாளர் இடத்தில் நான் வைத்த கண்காணிப்பு புரோகிராம், மும்முரமாக வளர்ந்துகொண்டிருந்த லாக் ஃபைலைப் பூஜ்யம் பைட் என்று மணிக்கணக்கில் காட்டியது. லாக் எழுதும் சர்வீஸ் செத்துவிட்டது என்று நினைத்து அங்கே இருந்தவர்கள் அதை ரீஸ்டார்ட் செய்தார்கள். ஹேண்டில் மூடியது, அளவு சரியானது, ‘ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது’ என்று ஒரு வைத்தியமும் அங்கே நிலைத்துவிட்டது. தப்பு என் புரோகிராமில் இருந்தது.

ஹார்ட் லிங்க் இருந்தால் இன்னொரு சிக்கல். ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர். ஒரு பெயர் வழியாக எழுதினால் அந்தப் பெயரின் டைரக்டரிப் பதிவு மட்டுமே புதுப்பிக்கப்படும். மற்றது பழைய அளவையே காட்டும், யாராவது அதைத் திறக்கும்வரை. உங்கள் ஸ்கேன் ஃபோல்டரில் இதற்கெல்லாம் வாய்ப்புக் குறைவு. ஒருமுறை எழுதி மூடிய பிடிஎஃப்களுக்குப் பட்டியல் விவரம் போதும். ஆனால் ஸ்கேனர் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலும் பட்டியலில் வரும். அதனால் கடைசிச் சில நிமிடங்களில் மாறியவை, பூஜ்யம் பைட் காட்டுபவை, இவற்றை மட்டும் தனியாகத் திறந்து ஹேண்டில் வழியாகச் சரிபாருங்கள். இரண்டு லட்சத்தில் அது பத்தோ இருபதோதான் இருக்கும்.

நேரங்களில் கடைசியாக எழுதிய நேரத்தை நம்புங்கள், கடைசியாகப் படித்த நேரத்தை நம்பாதீர்கள். விஸ்டா காலத்தில் அதைப் புதுப்பிப்பதை இயல்பாக நிறுத்தினார்கள், பிந்தைய பதிப்புகளில் அது சிஸ்டத்தைப் பொறுத்தது. புதுப்பித்தாலும் என்டிஎஃப்எஸ் ஒரு மணி நேரம்வரை தள்ளிப்போடும். ‘யாரும் திறக்காத ஃபைல்களை நீக்கு’ என்று இதை வைத்து ஸ்கிரிப்ட் எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பென் டிரைவோடு ஒப்பிட்டு மாறியதைக் கண்டுபிடிப்பதாக இருந்தால், ஃபேட் வகை ஃபைல்சிஸ்டத்தில் எழுதிய நேரம் 2 விநாடிக்கு ஒருமுறைதான் நகரும், என்டிஎஃப்எஸ்ஸில் 100 நானோவிநாடி. சமமா என்று ஒப்பிட்டால் கிட்டத்தட்ட எல்லா ஃபைலும் மாறியதாகத் தெரியும். விண்டோஸின் நகலெடுக்கும் கருவியான ரோபோகாப்பியில் எஃப்எஃப்டி என்று ஒரு சுவிட்ச் இருப்பதே இதற்காகத்தான்.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. பட்டியலில் வராதவை பல. ஃபைலின் உரிமையாளர் யார், யாருக்கு என்ன அனுமதி, பிடிஎஃப்பில் எத்தனை பக்கம், ஃபோட்டோ எடுத்த தேதி, இவை எதுவும் டைரக்டரியில் இல்லை. அதற்கு ஒவ்வொன்றாகத் திறந்தே ஆக வேண்டும். நாளைக்கு உங்கள் மேலாளர் ‘பக்க எண்ணிக்கையும் சேர்த்துக் கொடுங்கள்’ என்றால் மேலே சொன்ன வித்தை எதுவும் கைகொடுக்காது. அப்போது செய்யக்கூடியது, ஒருமுறை எடுத்ததை டேட்டாபேஸில் வைத்துக்கொண்டு, அளவும் எழுதிய நேரமும் மாறியவற்றை மட்டும் மறுபடி திறப்பது.

இதுவரை சொன்னதில் அழைப்புகளின் எண்ணிக்கை பற்றியவை உறுதி. உங்கள் பத்து நிமிடம் எத்தனை விநாடியாகும் என்பது அப்படியல்ல. அது சர்வரின் டிஸ்க்கையும் ஆன்டிவைரஸையும் அந்த நேரத்துக் கூட்டத்தையும் பொறுத்தது. எஸ்எம்பி கிளையன்டும் சில விவரங்களைப் பத்து விநாடி அளவுக்கு நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் என் 1 மில்லிவிநாடிக் கணக்கும் கறாராகப் பொருந்தாது. பத்து த்ரெட் போட்டு இணையாகக் கேட்டால் வேகமாகுமா என்று சிலர் கேட்பார்கள். விபிஎன் போல தாமதமான லைனில் ஆகும், ஒரே ஒரு சுழலும் டிஸ்க்கில் எதிர்மாறாகவும் போகலாம். எப்படியும், ஆறு லட்சம் அழைப்பை இணையாகச் செய்வதைவிட அவற்றைச் செய்யாமல் இருப்பது நல்லது. மாஸ்டர் ஃபைல் டேபிளை (என்டிஎஃப்எஸ் எல்லா ஃபைலின் பதிவையும் வைத்திருக்கும் அட்டவணை) நேரடியாகப் படிக்கும் வழியும் உண்டு. ஆனால் அதற்கு அட்மின் உரிமை வேண்டும், லோக்கல் டிஸ்க்கில் மட்டும்தான் நடக்கும், ஒரு ஃபோல்டருக்காக டிஸ்க்கின் அட்டவணை முழுவதையும் வாசிக்க வேண்டியிருக்கும். உங்களுக்குத் தேவையில்லை.

மாற்றியபின் அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய கோடை முதலில் ஓட்டி, உடனே புதியதை ஓட்டினால், முதல் ஓட்டம் நிரப்பிவைத்த கேஷின் புண்ணியத்தில் இரண்டாவது வேகமாகத் தெரியும். வரிசையை மாற்றி மாற்றி மூன்று முறையாவது ஓட்டுங்கள், முடிந்தால் மெஷினை ரீஸ்டார்ட் செய்துவிட்டு ஒருமுறை. டைரக்டரிஇன்ஃபோவுக்கு மாறிய பிறகும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால், அதே எக்ஸ்இயைச் சர்வர் மெஷினிலேயே லோக்கல் பாதை கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அங்கே இரண்டு மூன்று விநாடியில் முடிந்தால் இடைஞ்சல் நெட்வொர்க்கில். அங்கேயும் இழுத்தால் டிஸ்க்கையோ ஆன்டிவைரஸையோ பார்க்க வேண்டும். அந்த இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.